புகை வருகிறது, கங்கு விழவில்லை
(கானகக் கலைகள்: வாசகர் கேள்வி பதில்)

வில் வைத்துத் தீக்கடைய மூன்று மாதமாகப் பழகுகிறேன். கண் எரிகிற அளவுக்குப் புகை வருகிறது. கங்கு மட்டும் விழவே இல்லை. கட்டை சரியில்லையா, என் கை சரியில்லையா?
ஒரு வாசகர், ஒட்டன்சத்திரம்

பெரும்பாலும் இரண்டும் இல்லை, காடிதான் காரணம். வில்லின் கயிறு சுற்றிய கடைகோல் அடிப்பலகையில் சுழன்று உண்டாக்கிய குழி இருக்கிறதல்லவா, அந்தக் குழியைப் பலகையின் விளிம்போடு சேர்க்கிற ஆப்பு வடிவ வெட்டைச் சொல்கிறோம். குழியின் வட்டத்தில் எட்டில் ஒரு பங்கு அகலம் போதும். ஆனால் அதன் கூர்முனை குழியின் மையத்தை ஏறக்குறையத் தொட வேண்டும். விளிம்பில் மட்டும் கொத்தி வைத்தால் சூடான தூள் ஓரிடத்தில் சேராது, கோலைச் சுற்றியே பிதுங்கி ஆறிவிடும். அகலமாக வெட்டினாலும் தூள் சிதறும். புகை மட்டும் தாராளமாக வரும்.

அடுத்து, காடியில் விழுந்த தூளை விரலில் எடுத்துப் பாருங்கள். வெளிர் பழுப்பாகவும் கரகரப்பாகவும் இருந்தால் வேகமோ அழுத்தமோ போதவில்லை. சிறு சிறு திரிகளாக உருண்டு வந்தால் கட்டையில் ஈரம் இருக்கிறது. குழி பளபளவென்று கண்ணாடி போல ஆகி, கோல் கிறீச்சிட்டால் மரம் இறுகிப்போய் வழுக்குகிறது. ஒரு சிட்டிகை மணலைக் குழியில் போட்டு, கோலின் நுனியைக் கத்தியால் சுரண்டிவிட்டுத் தொடருங்கள். காப்பிப் பொடியைவிடக் கறுத்த நிறத்தில் நைசான தூள் குவிந்து, நீங்கள் வில்லை நிறுத்திய பிறகும் அந்தக் குவியலிலிருந்து தானாகப் புகை எழுந்தால், உள்ளே கங்கு இருக்கிறது. அந்த நேரத்தில் அவசரப்பட்டு ஊதுகிறவர்கள்தான் பாதிப் பேர். ஊதாதீர்கள். அரை நிமிடம் விட்டால் தூள் கட்டிப்படும். பிறகு கையால் மெல்ல விசிறுங்கள்.

அளவுகள்: பலகை அரை அங்குலத்திலிருந்து முக்கால் அங்குலம் கனம். கோல் கட்டைவிரல் பருமன், ஒரு சாண் நீளம். மேல்முனை கூராகவும் கீழ்முனை மொட்டையாகவும் இருக்க வேண்டும். மேலே அழுத்திப் பிடிக்கக் கொட்டாங்குச்சித் துண்டு நல்லது; அதன் உட்குழியில் ஒரு துளி எண்ணெய் தடவுங்கள். எண்ணெய் கீழே குழிக்குள் போய்விட்டால் அன்றைய வேலை கெட்டது. தச்சர்களின் பழைய துரப்பணத்தைப் பார்த்திருந்தால் இந்த அமைப்பு உடனே விளங்கும். தனியாக முடியவில்லை என்றால் வில்லை விட்டுவிட்டு, தயிர் கடைகிற மாதிரி கயிற்றைக் கோலில் சுற்றி ஒருவர் இரு பக்கமும் இழுக்க, இன்னொருவர் மேலே அழுத்திப் பிடிக்கலாம். சங்கப் பாடல்களில் இடையர் கையில் வருகிற ஞெலிகோலும் இந்த உரசல் வேலைதான்.

மரம் என்று பார்த்தால் கருவேலம், புளி, வேம்பு எல்லாம் தொடக்கக்காரருக்கு அளவுக்கு மீறிய கடினம். நகத்தால் அழுத்தினால் தடம் விழுகிற, ஆனால் நொறுங்காத மரம் வேண்டும். ரயில் பாதை ஓரத்திலும் வேலியிலும் நிற்கிற ஆனைக்கற்றாழை ஒரே முறை பூத்துவிட்டுச் செத்துப்போகும். அப்படிக் காய்ந்து நிற்கிற பூத்தண்டிலேயே கோலும் பலகையும் செய்துகொள்ளலாம். உயிருள்ள எதையும் வெட்ட வேண்டியதில்லை. காய்ந்த எருக்கந்தண்டும் கோலுக்கு ஆகும். பச்சை எருக்கைத் தொட்ட கையோடு கண்ணைக் கசக்கிவிடாதீர்கள்; அந்தப் பால் கண்ணைப் புண்ணாக்கும்.

ஐப்பசி, கார்த்திகையில் பழகினால் கட்டை காய்ந்த மாதிரியே இருக்கும், உள்ளே காற்றின் ஈரம் ஏறியிருக்கும். அடுப்புக்கு மேலே ஒரு வாரம் செருகி வையுங்கள். கங்கை வைத்துச் சுடராக்குகிற பஞ்சுக்கூட்டுக்குத் தேங்காய் நாரை மட்டும் வைத்தால் கனன்றுகொண்டே இருக்கும், சுடர் விடாது. நன்றாகப் பிரித்த நாரோடு காய்ந்த புல்லைப் பாதிக்குப் பாதி கலந்து குருவிக்கூடு போலச் செய்யுங்கள். இலவம்பஞ்சு குபீரென்று எரிந்து ஒரு மூச்சில் அடங்கிவிடும், அதை நம்ப வேண்டாம்.

இத்தனையும் வீட்டு முற்றத்தில் அல்லது உழுத வயலில். சுற்றிலும் நான்கு அடிக்குச் சருகில்லாத தரை, பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர். மாசி முதல் வைகாசி வரை மலையடிவாரத்தில் இதைச் செய்யவே கூடாது. 2018 மார்ச்சில் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி 23 பேர் இறந்தார்கள். காய்ந்த போதைப்புல் சரிவில் தீ மேல்நோக்கி ஏறும்போது மனிதக் கால் அதை முந்த முடியாது.

விடுமுறையில் நண்பர்களோடு காட்டுக்குள் நான்கு நாள் தங்கி, கிடைத்ததைச் சாப்பிட்டு வாழ்ந்து பார்க்க ஆசை. எந்தக் காடு ஏற்றது?
ஒரு வாசகர், கோயம்புத்தூர்

எதுவும் இல்லை. காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் நுழைவதும், தீ மூட்டுவதும், கிழங்கோ தேனோ எடுப்பதும் வனச் சட்டப்படி குற்றம். பரம்பரையாகக் காட்டில் வாழ்கிறவர்களுக்குத் தேன், கிழங்கு, நெல்லி போன்ற சிறு வனப்பொருள்களின் மேல் உரிமை உண்டு. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் அதை ஏற்கிறது. அந்த உரிமை உங்களுக்கோ எங்களுக்கோ வராது. நடக்க ஆசை என்றால் 2024 அக்டோபரில் அரசு தொடங்கிய ‘டிரெக் தமிழ்நாடு’ வழியாகப் பதிவு செய்துகொண்டு, வழிகாட்டியோடு போய் வாருங்கள். வழிகாட்டிகளில் பலர் அந்த மலைக்காரர்களே. தடம் பார்ப்பது, மரம் சொல்வது எல்லாம் அவர்கள் வாயால் கேட்க வேண்டிய பாடம்.

கற்றுக்கொள்வதற்குக் காடு தேவையும் இல்லை. கண்மாய்க் கரை, ஓடை, தரிசு, தோட்ட வேலி போதும். ஒரே கண்மாய்க்கு ஒரு வருடம் வாரம் ஒரு முறை போய் எந்தச் செடி எப்போது பூக்கிறது, எந்தப் பறவை எந்த மாதம் வருகிறது என்று நோட்டில் எழுதுகிறவர், காட்டில் நான்கு நாள் பட்டினி கிடந்தவரைவிட அதிகம் கற்றிருப்பார்.

கற்றாழை நாரில் கயிறு திரித்தால் கையை விட்டதும் பிரிந்துவிடுகிறது. நாரிலும் பாதி அறுந்து வருகிறது. எங்கே தவறு?
ஒரு வாசகி, விருதுநகர்

முதலில் நார். ஆனைக்கற்றாழையில் அடியில் இருக்கிற முற்றிய மடல்களை மட்டும் அறுக்கவும். குருத்தைச் சுற்றிய மடல்களை விட்டுவிட்டால் செடி தொடர்ந்து விளையும். முனை முள்ளையும் ஓர முள்ளையும் சீவி எறியுங்கள். சாறு பட்டால் தோல் அரிக்கும். முழுக்கைச் சட்டையும் கையுறையும் வேண்டும். மடலைக் கல்லில் வைத்துக் கல்லால் அடித்ததால்தான் உங்கள் நார் அறுந்திருக்கும். மரப்பலகையில் வைத்து மரக்கட்டையால் தட்டி நசுக்குங்கள். பிறகு மழுங்கிய இரும்புப் பட்டையால், இல்லாவிட்டால் அரிவாளின் முதுகால், அடியிலிருந்து நுனிக்கு வழித்தால் சோறு கழன்று வெள்ளை நார் நிற்கும். அறுத்த அன்றே வழித்துவிட வேண்டும். வாடிவிட்டால் சோறு நாரோடு ஒட்டிக்கொள்ளும். நூறு கிலோ மடலுக்கு மூன்று நான்கு கிலோ நார்தான் தேறும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

ஊறவைத்து அழுக விடுகிற முறையும் உண்டு. ஆனால் அதைக் குளத்திலோ ஓடையிலோ செய்யாதீர்கள். அழுகல் நீரில் பிராணவாயு தீர்ந்து மீன் செத்து மிதக்கும். தொட்டியில் ஊறப்போட்டு, அந்தத் தண்ணீரைத் தரிசில் ஊற்றுங்கள்.

இனிக் கயிறு. இரண்டு புரியையும் ஒரு பக்கமாக முறுக்க வேண்டும். ஒன்றோடு ஒன்று சேர்ப்பது எதிர்ப் பக்கமாக. இரண்டு முறுக்கும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்வதால்தான் கயிறு பிரியாமல் நிற்கிறது. நீங்கள் புரியையும் கயிற்றையும் ஒரே பக்கம் முறுக்கியிருப்பீர்கள். இல்லையென்றால் புரியில் முறுக்கு போதாமல் இருக்கும். புரியைத் தளர விட்டால் அது தானாகச் சுருண்டு கொக்கி போட வேண்டும், அதுதான் அளவு. நாரை ஈரமாக்கிக்கொண்டு திரித்தால் வழுக்காது. ஒரு புரி நேராக நிற்க, இன்னொன்று அதைச் சுற்றிக்கொண்டு போனால் இரண்டின் இழுவையும் சமமில்லை என்று அர்த்தம். அந்தக் கயிறு பாரம் தாங்காது. நேராக நிற்கிற புரி முதலில் அறும். புது நார் சேர்க்கும்போது இரண்டு புரியிலும் ஒரே இடத்தில் சேர்க்காதீர்கள். ஒரு புரியில் சேர்த்து நான்கு விரல் தள்ளி மற்றதில் சேருங்கள்.

கட்டில் பின்ன, வேலி கட்ட மட்டும் என்றால் இத்தனை பாடே வேண்டாம். பனை மட்டையில் கிழிக்கிற அகணி நாரை நனைத்து அப்படியே பயன்படுத்தலாம்.

ஓடைத் தண்ணீரை முருங்கை விதையால் சுத்தப்படுத்திக் குடிக்கலாம் என்கிறார்களே?
ஒரு வாசகர், திருவண்ணாமலை

தெளிய வைக்கலாம். தெளிந்த தண்ணீர் எல்லாம் சுத்தமான தண்ணீர் ஆகிவிடாது. தேற்றாங்கொட்டையை மண்பானையின் உட்புறத்தில் உரசிவிட்டுக் கலங்கல் நீரை ஊற்றி வைப்பார்களே, அதே வேலையைத்தான் முருங்கை விதையும் செய்கிறது. விதையின் புரதம் மண் துகள்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்து அடியில் படியச் செய்கிறது.

மரத்திலேயே காய்ந்து பழுப்பான காயின் விதையாக இருக்க வேண்டும். பச்சைக் காயின் விதை பயன்படாது. சேறாகக் கலங்கிய நீர் என்றால் லிட்டருக்கு ஒரு விதை. தோலை நீக்கி வெள்ளைப் பருப்பை நுணுக்கி, ஒரு தம்ளர் நல்ல நீரில் குலுக்கித் துணியில் வடித்து ஊற்றுங்கள். ஒரு நிமிடம் வேகமாகவும், பிறகு ஐந்து முதல் பத்து நிமிடம் மெதுவாகவும் கலக்க வேண்டும். மெதுவாகக் கலக்குகிற அந்த நேரத்தில்தான் பூப்போலத் திரளும். பொறுமையில்லாதவர்கள் கோட்டைவிடுகிற இடம் அது. ஒன்று இரண்டு மணி நேரம் அசைக்காமல் வைத்து, மேல்நீரைச் சாய்த்து எடுத்து, நான்காக மடித்த வேட்டித் துணியில் வடிகட்டி, கொதி வந்த பிறகு ஒரு நிமிடமாவது கொதிக்க விடுங்கள். விதையை அதிகமாகப் போட்டால் மறுபடி கலங்கும். விதைச்சத்து கலந்த நீரை ஒரு நாளுக்கு மேல் வைத்தால் கிருமி பெருகி நாற்றம் எடுக்கும். உப்பு, ஃப்ளூரைடு, பூச்சிமருந்து இவற்றில் எதையும் இந்த முறையோ கொதிக்க வைப்பதோ நீக்காது.

மணல் ஆறு பக்கத்தில் இருந்தால் ஊற்று தோண்டுவது மேல். நீரோட்டத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு அடி தள்ளி, முழங்கை ஆழத்துக்குத் தோண்டி, ஊறுகிற முதல் நீரை இரண்டு மூன்று முறை இறைத்துக் கொட்டிவிட்டு, தெளிந்து வருவதை எடுங்கள். அதையும் கொதிக்க வைக்க வேண்டும். கிளம்பும்போது குழியை மூடிவிட்டுப் போங்கள். ஆடு மாடு கால் வைத்தால் ஒடியும்.

மலைவள்ளிக் கிழங்கை எப்படி அடையாளம் காண்பது? குரங்கு தின்பதைப் பார்த்து நாமும் தின்னலாமா?
ஒரு வாசகர், தாராபுரம்

இரண்டாவது கேள்விக்கு முதலில்: கூடாது. எட்டிப்பழத்தின் சதையைக் குரங்கும் பறவையும் தின்கின்றன. விதையில் இருப்பது ஸ்டிரிக்னின். ‘எட்டி பழுத்தாலென்ன’ என்று நம்மவர்கள் சும்மா சொல்லவில்லை.

உங்கள் ஊர்ப்பெயரைப் பார்த்ததும் இந்தப் பதிலைக் கொஞ்சம் நீட்டத் தோன்றுகிறது. தாராபுரம், மூலனூர் பக்கம் கண்வலிக்கிழங்கு விதைக்காகப் பயிராகிறது. வேலியோரம் தானாகவும் முளைக்கிறது. வள்ளிக்கிழங்கு என்று நினைத்து இதைச் சமைத்துத் தின்று இறந்தவர்கள் உண்டு. இதிலுள்ள கொல்கிசின் வேகவைத்தாலும் போகாது. தின்றதும் ஒன்றும் தெரியாது, சில மணி நேரம் கழித்துத்தான் வாந்தியும் வயிற்றுப்போக்கும் தொடங்கும். அதனால்தான் ‘கொஞ்சம் நாக்கில் வைத்து, கால் மணி நேரம் பொறுத்து, பிறகு விழுங்கிப் பார்’ என்று இணையத்தில் உலவுகிற சோதனையை நாங்கள் வன்மையாக மறுக்கிறோம்.

கொடி பசுமையாக இருக்கும்போது வேறுபாடு தெளிவு. கண்வலிக்கொடியின் இலை நீண்டு ஒடுங்கி, நுனியே சுருண்டு பற்றுக்கம்பியாக மாறியிருக்கும். வள்ளியில் அப்படி இல்லை. கொடியே சுற்றிக்கொண்டு ஏறும். பல வகை வள்ளிகளின் இலை இதய வடிவம், காம்பு சேருமிடத்திலிருந்தே ஐந்தாறு நரம்புகள் வளைந்து நுனியை நோக்கி ஓடும், இடையே குறுக்கு நரம்புகள் வலை போட்டிருக்கும். மண்ணுக்கு அடியில் கண்வலிக்கிழங்கு வழவழப்பாக இரு கிளையாகப் பிரிந்து கலப்பை போல இருக்கும். கலப்பைக்கிழங்கு என்ற பெயரே அதனால்தான். வள்ளியின் மேல் சல்லிவேர் முளைத்திருக்கும். ஆபத்து எப்போது என்றால், கோடையில் இரண்டு கொடியும் காய்ந்து, இலை உதிர்ந்து, வெறும் தண்டு மட்டும் நிற்கும்போது. கிழங்கு தோண்டுவதும் அந்தப் பருவத்தில்தான். ஆகவே, மழைக்காலத்தில் இலையோடு பார்த்து நீங்களே குறி வைத்த கொடியை மட்டும் தோண்டுங்கள். குறி இல்லாத கொடியைத் தொடாதீர்கள்.

வள்ளியிலும் நஞ்சுள்ள வகைகள் உண்டு. மலைமக்கள் அவற்றைச் சீவி, ஓடுகிற நீரில் நாள்கணக்கில் ஊறவைத்து, பிறகே வேகவைப்பார்கள். எத்தனை நாள், எந்த வகைக்கு என்பதைப் படித்துக் கற்க முடியாது. அதை உண்டு வளர்ந்தவர் பக்கத்தில் நின்று கற்க வேண்டியது.

தோண்டும் விதமும் பாடம்தான். ஆனைமலைக் காடர்கள் கிழங்கின் கீழ்ப்பகுதியை மட்டும் ஒடித்துக்கொண்டு, கொடியோடு சேர்ந்த தலைப்பகுதியை மறுபடி புதைத்து மண்ணைத் தள்ளிவிடுவார்கள். அடுத்த மழையில் அதே இடத்தில் கொடி எழும். உங்கள் சொந்தத் தோட்டத்திலும் அப்படியே செய்யுங்கள்.

காட்டுப்பக்கம் பாம்பு கடித்தால் கடிவாய்க்கு மேலே இறுக்கிக் கட்டலாமா?
ஒரு வாசகி, செங்கல்பட்டு

வேண்டாம். கீறவும் கூடாது, உறிஞ்சவும் கூடாது. இறுக்கிய கட்டினால் கை காலையே இழக்க நேரும். மோதிரம், மெட்டி, கொலுசு, வளையலைக் கழற்றுங்கள். எலும்பு முறிந்தால் வைப்பது போல மட்டையோ பலகையோ வைத்து, அந்த உறுப்பை அசையாமல் கட்டுங்கள். நடக்க விடாமல் தூக்கிக்கொண்டோ வண்டியிலோ அரசு மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள், 108ஐ அழையுங்கள். பாம்பை அடித்து எடுத்துக்கொண்டு போக வேண்டியதில்லை. நம் நாட்டில் கிடைக்கிற நஞ்சுமுறி மருந்து நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் சேர்த்தே தயாரிக்கப்படுகிறது. அதற்கான நஞ்சைத் தருவதில் உங்கள் மாவட்டத்து இருளர்களின் பங்கு பெரிது. 1978இல் தொடங்கிய பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் வடநெம்மேலியில் இருக்கிறது. 2023இல் அந்தச் சங்கத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது.

கட்டுவிரியன் இரவில் தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும். வலியும் தடமும் பல சமயம் தெரியாது. கட்டிலில் படுத்து, கொசுவலையைப் பாய்க்கு அடியில் செருகிக்கொள்வதுதான் அதற்கு நல்ல காப்பு.

எங்கள் பள்ளியில் மாணவர்கள் ஐயாயிரம் விதைப்பந்து செய்து வீசினார்கள். ஒன்றிரண்டுகூட முளைத்ததாகத் தெரியவில்லை. காரணம் என்ன?
ஓர் ஆசிரியர், சிவகங்கை

எந்த விதை, எப்போது உருட்டினீர்கள் என்று எழுதவில்லை. வேப்பமுத்தாக இருந்தால் விடை சுலபம். ஆனி ஆடியில் உதிர்கிற வேப்பவிதையின் உயிர் சில வாரம்தான். அதை உருட்டி உலர்த்திப் பெட்டியில் வைத்து, ஐப்பசி மழைக்கு வீசினால் நீங்கள் வீசியது மண் உருண்டை. வாகை போன்ற கெட்டித்தோல் விதைக்குச் சிக்கல் வேறு: வெந்நீரில் போட்டு ஓர் இரவு ஊறவைக்காமல் உருட்டினால் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். ஊறவைத்துவிட்டால் உலர்த்தி அடுக்கக் கூடாது, மழை ஈரம் இருக்கும்போதே உருட்டி அன்றே போட வேண்டும். ஐந்து பங்கு களிமண்ணுக்கு மூன்று பங்கு மக்கிய எரு, ஒரு பங்கு விதை என்பது ஒரு நல்ல கலவை. வெறும் களிமண் என்றால் வெயிலில் ஓடாக இறுகிவிடும். முளைத்தாலும், வீசிய இடத்தில் ஆடு மேய்ந்தால் கதை முடிந்தது.

எங்கள் எண்ணத்தைச் சொல்வதென்றால், விதைப்பந்து வீச்சு புகைப்படத்துக்கு நன்றாக இருக்கிறது. மரத்துக்கு அவ்வளவாக உதவுவதில்லை. ஐயாயிரம் வீசுவதைவிட ஐம்பது குழி தோண்டி, முள் வேலி போட்டு, இரண்டு கோடைக்குத் தண்ணீர் ஊற்றலாம். சவுண்டால், சீமைக்கருவேலம் விதைகளை எதிலும் கலக்காதீர்கள். மலையில் புல்வெளியாக இருக்கிற இடத்தில் மரவிதை போடவே கூடாது. புல்வெளி ‘காலி இடம்’ அல்ல, வரையாடு மேய்கிற இடம். மழைநீரைப் பிடித்து வைத்து ஓடைக்கு விடுவதும் அதுதான்.

சிவகங்கைக்கு ஏற்றது பனை. ஆவணி, புரட்டாசியில் விழுகிற பழத்தைப் பொறுக்கி, சதையை நீக்கி, அதிகம் காயவிடாமல் நடுங்கள். ஒரு பழத்தில் மூன்று கொட்டை வரை இருக்கும். கண்மாய்க் கரையில் பத்தடிக்கு ஒன்றாக, ஒரு சாண் குழியில் வைத்து மூடினால் போதும். முளை முதலில் மண்ணுக்குள் கீழ்நோக்கித்தான் இறங்கும், அதுதான் பனங்கிழங்கு. வெளியே முதல் ஓலை வர மாதங்கள் ஆகும். அதற்குள் ‘முளைக்கவில்லை’ என்று தோண்டிப் பார்க்கிற மாணவர்கள் இருப்பார்கள், கண்டித்து வையுங்கள். கிழங்குக்காகத் தோண்டுகிற பெரியவர்களும் இருப்பார்கள். அவர்களுக்கென்று தனியாக ஒரு பாத்தி போட்டுவிடுவது நல்லது. ஆணா பெண்ணா என்று பாளை விடும்போதுதான் தெரியும், அதற்குப் பதினைந்து ஆண்டுக்கு மேலும் ஆகலாம்.

தோட்டத்தில் உண்ணிச்செடி மண்டிவிட்டது. வெட்ட வெட்டத் தழைக்கிறது.
ஒரு வாசகர், கூடலூர்

தரைக்கு மேலே வெட்டுவதால்தான் தழைக்கிறது. தண்டும் வேரும் சேருகிற கழுத்தில்தான் துளிர்மொட்டுகள் இருக்கின்றன. மண்ணுக்குக் கீழே இரண்டு விரல்கட்டை ஆழத்தில் ஆணிவேரை மம்பட்டியால் வெட்டி, புதரைத் தூக்கித் தலைகீழாகக் கவிழ்த்து வையுங்கள். கழுத்து மண்ணில் படக் கூடாது. பட்டால் மறுபடி வேர்விடும். காய் பிடிப்பதற்கு முன்பே செய்துவிட வேண்டும். வெட்டிய கம்பை வீணாக்க வேண்டாம். வேகவைத்துத் தோலுரித்தால் பிரம்பு போல வளையும், கூடையும் நாற்காலியும் செய்யலாம். உங்கள் பக்கத்து மலைமக்கள் ஆளுயர யானைகளையே அதில் செய்கிறார்கள். முதல் மழைக்குப் பிறகு பறவைகள் உட்காருகிற மரத்தடிகளையும் கம்பிவேலி ஓரத்தையும் பாருங்கள். எச்சத்தில் விழுந்த விதை அங்கேதான் முளைக்கும். கன்றாக இருக்கும்போது விரலால் பிடுங்கிவிடலாம்.